பக்கியில் சிபி ரேடியோ கேட்கவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடுங்கள்

"அண்ணா, ரேடியோ செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்." தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பக்கியில் (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி) சிபி ரேடியோ, அதாவது வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ, பொருத்தியிருப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. பத்தில் எட்டு ஒன்பது தடவை ரேடியோ உயிரோடுதான் இருக்கும். கூரை மேல் இருக்கும் கம்பி, கதவிடுக்கில் நசுங்கிய கேபிள், துருவேறிய ஒரு போல்ட் என்று பழி வேறு எங்காவது போய்ச் சேரும். அதனால் பெட்டியைத் திறக்க வேண்டாம், பணத்தையும் எடுக்க வேண்டாம். என்ன மாதிரி கேட்கவில்லை என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

எந்தப் புகாராக இருந்தாலும் ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ரேடியோவை மட்டும் போடுங்கள். ஸ்குவெல்ச் குமிழை (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைப்பது) முழுக்கத் திறந்தால் 'ஷ்ஷ்' என்று ஓர் இரைச்சல் வரும். இப்போது பின்னால் இருக்கும் ஆண்டெனா பிளக்கைக் கழற்றுங்கள். இரைச்சல் தெளிவாகக் குறைந்தால், ஆண்டெனாவிலிருந்து ஏதோ உள்ளே வந்துகொண்டிருந்தது என்று பொருள். கொஞ்சமும் மாறவில்லை என்றால் ஆண்டெனா வழி அறுந்திருக்கிறது, அல்லது ரேடியோவின் காது போய்விட்டது. இந்த இரண்டில் எது என்று தெரிய, இரண்டு மீட்டர் மின்கம்பி ஒன்றை எடுத்து, அதன் நுனியை ரேடியோ சாக்கெட்டின் நடு ஓட்டையில் செருகி ஜன்னல் வழியே வெளியே போடுங்கள். இரைச்சல் எகிறினாலோ எங்கோ ஒரு குரல் கேட்டாலோ ரேடியோ நல்லதுதான், கோளாறு கேபிளிலோ ஆண்டெனாவிலோ இருக்கிறது. இந்தச் சோதனை முடியும்வரை மைக் பட்டனைத் தொடக் கூடாது. ஆண்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் சிக்னலை வெளியே அனுப்பும் டிரான்சிஸ்டர் கருகிவிடலாம்.

சுத்தமாக மௌனம், விளக்கு மட்டும் எரிகிறது

ஸ்குவெல்ச் அதிகமாகத் திருகியிருக்கும். துணியால் துடைக்கும்போதோ முழங்கால் படும்போதோ இது நடக்கும். அடுத்து ஆர்.எஃப். கெயின் குமிழ் (வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிப்பது): அதை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். சிபி, பி.ஏ. என்று இரண்டு நிலை உள்ள சுவிட்ச் இருந்தால் அது பி.ஏ. பக்கம் போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால் ரேடியோ வெறும் ஒலிபெருக்கியாகத்தான் வேலை செய்யும். மைக் பிளக் தளர்ந்திருந்தாலும் பல பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கர் பேசாது, ஏனென்றால் ஸ்பீக்கருக்கான இணைப்பே மைக் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. வெளி ஸ்பீக்கர் சாக்கெட்டில் ஏதாவது செருகியிருந்தாலும் உள் ஸ்பீக்கர் அடங்கிவிடும். இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நண்பர் ஏழாவது சேனலில் இருக்கிறார், நானும் ஏழில்தான், ஆனால் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை

இது தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி வரும் குழப்பம். இங்கே சிபி இரண்டு பட்டைகளில் ஓடுகிறது. ஒன்று 27 மெகாஹெர்ட்ஸ். பல நாடுகளில் உள்ள நாற்பது சேனல்களில் 27.185 முதல் 27.275 வரையுள்ள ஒன்பது அலைவரிசைகள் மட்டும் இங்கே அனுமதி பெற்றவை. இன்னொன்று 29.710 முதல் 29.985 மெகாஹெர்ட்ஸ் வரை, 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 23 சேனல்கள். மலையேறும் நாலு சக்கர இயக்க வண்டிக் குழுக்கள் "ட்வென்டிநைன் மெக்ஸ்" என்று பேசுவது இதைத்தான். இரண்டிலும் சேனல் ஏழு உண்டு, ஆனால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ரேடியோ 27-இல் இருக்கும், உங்களுடையது 29-இல் இருக்கும். அப்படியிருந்தால் ஆண்டெனாவை எவ்வளவு சுத்தம் செய்தும் பலனில்லை.

ஆண்டெனாவுக்கும் இதே கதைதான். 27-க்கு வெட்டிய கம்பி 29-க்கு நீளம். கால் அலை என்று கணக்குப் போட்டால் 27-இல் சுமார் 2.75 மீட்டர், 29-இல் 2.5 மீட்டர். கடையில் கிடைக்கும் குட்டை ஆண்டெனாக்கள் சுருள் போட்டு இந்த நீளத்தை ஒடுக்கியவை. குட்டையாகக் குட்டையாக அவை பொருந்தும் அலைவரிசை அகலமும் குறுகிக்கொண்டே போகும். ஆண்டெனா வாங்கும்போது எந்தப் பட்டைக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டு ரேடியோவும் ஒரே பட்டையில்தான் என்றால் ஏ.எம்., எஃப்.எம். நிலையைப் பாருங்கள். ஒருவர் ஏ.எம்., மற்றவர் எஃப்.எம். என்றால் குரல் கரகரத்துப் புரியாமல் வரும்.

எல்லோர் குரலும் சன்னமாக, தூரத்தில் பேசுவதுபோல்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆண்டெனா என்று நாம் சொல்லும் கம்பி பாதி ஆண்டெனாதான். மறுபாதி வண்டியின் இரும்பு உடல். கம்பி நிற்கும் அடிப்பாகம் அந்த உடலோடு மின்தொடர்பில் இல்லாவிட்டால் பாதியை வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள்.

பக்கிகளில் இது அடிக்கடி கெடுவதற்குக் காரணம் பின்புறச் சரக்குத் தொட்டிமேல் மூடியாகப் போடும் கூடு, அதாவது கனோப்பி. ஃபைபர்கிளாஸ் கனோப்பியின் மேல் பொருத்திய ஆண்டெனாவுக்குக் கீழே இரும்பே கிடையாது. கனோப்பி மேல் இருக்கும் ரூஃப் ராக்கும் ரப்பர் தாங்கியில் உட்கார்ந்திருந்தால் தனித்து நிற்கும். முன்னால் உள்ள தடுப்புக் குழாயில் (புல் பார்) பொருத்தினாலும் பவுடர் கோட்டிங் பெயிண்ட் நடுவில் நின்று தொடர்பை மறிக்கும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையை ஆண்டெனா அடிப்பாகத்தின் உலோகத்திலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவுக்கு அருகில் ரீடிங் வர வேண்டும். சில ஓம்கள் காட்டினாலே போல்ட்டைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்குங்கள். சுரண்டிய இடத்தில் கிரீஸ் பூசுங்கள். டர்பன் கரையோரம் அமன்சிம்டோட்டியிலிருந்து பாலிட்டோ வரை கடற்காற்று படும் வண்டிகளில் சுரண்டி அப்படியே விட்ட உலோகம் சீக்கிரமே செம்மண் நிறமாகிவிடும்.

கனோப்பி மேல்தான் வைத்தாக வேண்டும் என்றால் அங்கிருந்து வண்டியின் சட்டத்துக்கு அகலமான பின்னல் பட்டையால் எர்த் கொடுங்கள். மெல்லிய ஒற்றைக் கம்பி இந்த அலைவரிசையில் அவ்வளவு உதவாது. பின்கதவு, பானெட், புகைக்குழாய் ஆகியவற்றையும் பின்னல் பட்டையால் உடலோடு இணைத்தால் கேட்கும் திறன் கூடும், இரைச்சலும் குறையும். காந்தத் தளம் போட்ட ஆண்டெனா பெயிண்டுக்கு மேலேயே வேலை செய்யும், அதற்குச் சுரண்டல் தேவையில்லை. ஆனால் அலுமினியக் கூரையில் காந்தம் ஒட்டாது.

எர்த் சரி என்றால் கேபிள். பொதுவாகப் போடுவது ஆர்.ஜி.-58, ஐம்பது ஓம். வீட்டில் மிச்சம் கிடந்த டிவி கேபிளைப் போட்டிருந்தால் அது எழுபத்தைந்து ஓம், மாற்றிவிடுங்கள். இரண்டு முனைகளையும் கழற்றி மீட்டரில் பாருங்கள்: நடுக்கம்பி முதல் நடுக்கம்பி வரை தொடர்பு வேண்டும், பின்னல் முதல் பின்னல் வரை தொடர்பு வேண்டும், நடுவுக்கும் பின்னலுக்கும் இடையே ஒன்றும் காட்டக் கூடாது. ஆண்டெனாவைக் கழற்றாமல் அளந்து ஷார்ட் என்று முடிவு கட்ட வேண்டாம். சில ஆண்டெனாக்களின் அடிச்சுருள் எர்த்தோடு இணைந்தே இருக்கும், மீட்டர் அதை ஷார்ட் என்றுதான் காட்டும்.

கேபிள் கதவிடுக்கு வழியாக நுழைகிறதா? அங்கே விரலால் தடவிப் பாருங்கள், சப்பையாக இருக்கும். அந்தத் துண்டை ஒட்டுப்போட வேண்டாம், முழுக் கேபிளையும் மாற்றுங்கள். கேபிள் மிச்சம் இருந்தால் இறுக்கி வட்டமாகச் சுருட்டாமல் முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டுங்கள். கேபிள் இத்தனை அடிதான் இருக்க வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கணக்கு தேவைப்படாது. நீளத்தை மாற்றினால் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் ஆற்றல் ஆண்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு) மாறுகிறது என்றால் எர்த்தில்தான் குறை.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் மீட்டரை மாட்டி, மரம், சுவர், மின்கம்பிக்கு எட்டத் திறந்தவெளியில் கதவுகளைச் சாத்திவிட்டு அளவெடுங்கள். 29 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றால் சேனல் 1, 12, 23 ஆகிய மூன்றிலும் பாருங்கள். 1-இல் குறைவாகவும் 23-இல் அதிகமாகவும் வந்தால் கம்பி நீளம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நேர்மாறாக வந்தால் கம்பி குட்டை. 1.5-க்குள் வந்தால் அருமை, 2-க்குள் என்றால் பரவாயில்லை. 3 என்றால் அனுப்பும் ஆற்றலில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று கணக்கு. அந்த நிலையில் பேசாதீர்கள். மூன்று சேனலிலும் 3-க்கு மேலேயே நின்றால் கம்பியின் நீளத்தைத் தொட வேண்டாம், எர்த்துக்கும் கேபிளுக்கும் திரும்புங்கள்.

இந்த மீட்டர் பேசுவதற்கான கருவி, கேட்பதற்கு அது முழுச் சாட்சி ஆகாது. தண்ணீர் புகுந்து பின்னல் கறுத்துப்போன கேபிள் ஆற்றலை வழியிலேயே தின்றுவிடும். போகிறதும் தேய்கிறது, திரும்புகிறதும் தேய்கிறது, ஆகவே மீட்டர் 1.2 என்று அழகாகக் காட்டும். ரேடியோவோ செவிடாக இருக்கும். எல்லாச் சேனலிலும் அளவு கச்சிதம், ஆனால் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது பழைய கேபிளைத்தான். பிளக்குக்குப் பின்னால் ஒரு விரற்கடை உறையை உரித்துப் பாருங்கள். செம்பு பளபளவென்று இல்லாமல் கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் கேபிள் முடிந்தது.

மழை பெய்தால் மட்டும் மோசமாகிறது என்ற புகாரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆண்டெனா அடிப்பாகத்துப் பிளக்கில் தண்ணீர் இறங்குகிறது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் போடுங்கள். கேபிள் உள்ளே நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

குரல் இருக்கிறது, இரைச்சல் விழுங்குகிறது

நன்றாகக் கேட்பது என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இரைச்சலைப் பாதியாக்கினால் எதிராளியின் வாட்ஸைக் கூட்டிய பலன் கிடைக்கும். ஆம்ப்ளிஃபையர் வாங்கிப் போட்டால் நன்றாகக் கேட்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது நீங்கள் பேசுவதைத்தான் பெரிதாக்கும், உங்கள் காதுக்கு ஒன்றும் செய்யாது.

முதலில் எஞ்சினை அணைத்துச் சாவியை அக்சஸரி நிலையில் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் எஞ்சின் பக்கம். பிறகு நிறுத்திய வண்டியிலேயே எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்குங்கள். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பிச் சோதிக்க வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் ஆல்டர்னேட்டர். ஆண்டெனாவைக் கழற்றிய பிறகும் அது கேட்டால் மின்சார வயர் வழியாக வருகிறது. ரேடியோவுக்கு வயரை டாஷ்போர்டில் ஏற்கெனவே ஓடும் ஏதோ ஒரு வயரிலிருந்து எடுத்திருப்பீர்கள். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்து, பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது ரேடியோவின் பின்னால் 13 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், பேசும்போது அரை வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது.

வேகத்தோடு நெருங்கும் 'டிக் டிக்' என்றால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கும் அதன் வயர்களும். மின்தடை உள்ள பிளக் போட்டால் பெரும்பாலும் அடங்கும். டீசல் வண்டியில் பொறி இல்லை, ஆகவே அதில் டிக் சத்தம் வந்தால் எரிபொருள் பம்ப்பையோ இன்ஜெக்டர் மின்சுற்றையோ பாருங்கள். ரேடியோவில் என்.பி. பொத்தான் (விட்டுவிட்டு வரும் சத்தத்தை வெட்டுவது) இருந்தால் இந்த வகைச் சத்தத்துக்கு அது நன்றாக உதவும், ஊளைக்கு உதவாது.

எஞ்சின் அணைந்த பிறகும் சீறல் நின்றபாடில்லை என்றால் இன்றைய வண்டிகளில் குற்றவாளிகள் ஏராளம். லைட்டர் ஓட்டையில் செருகிய யு.எஸ்.பி. சார்ஜர், டாஷ்கேம், கூரை மேல் எல்.இ.டி. விளக்குப் பட்டை, ஃபிரிட்ஜுக்கான இரண்டாவது பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜர், சோலார் கட்டுப்படுத்தி. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கேளுங்கள். அணைத்தால் போதாது, வயரையே கழற்ற வேண்டும். மலிவு விலை சார்ஜர்தான் முக்கால்வாசி நேரம் மாட்டும். மாற்ற முடியாத சாதனம் என்றால் அதன் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள், வயரை வளையத்துக்குள் பல சுற்று விட்டால் பலன் கூடும். கரும்பு ஏற்றும் 24 வோல்ட் லாரிகளில் 12 வோல்ட்டாக்கும் மாற்றியே சீறும், அதற்குப் பதில் ஒருமுறை தனி 12 வோல்ட் பேட்டரி வைத்துச் சோதியுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இரைச்சல், அல்லது ஓர் இடத்தில் மட்டும் மௌனம்

வண்டியைப் பழிக்கும் முன் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே உயர் மின்னழுத்தக் கம்பி போனால் இன்சுலேட்டரில் படிந்த உப்பும் தூசியும் பொறி விடும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு அது தானாக அடங்கும். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கேட்டால் விடை தெரிந்துவிடும். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நேரத்தில் வீட்டு வாசலில் ரேடியோ திடீரென்று தெளிவாகக் கேட்டிருந்தால் இரைச்சல் உங்கள் தெருவிலிருந்து வருகிறது, வண்டியில் ஒன்றுமில்லை.

மௌனத்துக்குக் காரணம் நிலம். இந்த அலைகள் குன்றைத் துளைக்காது. ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கில் அடுத்த வளைவில் இருப்பவரே கேட்காமல் போகலாம். லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாயில் போகும்போது 2,876 மீட்டர் உச்சியில் நிற்பவருக்கும் அடிவாரத்தில் இருப்பவருக்கும் நடுவே பாறைச் சுவர் நிற்கும். குழுவாகப் போனால் நடுவழியில் இருபக்கமும் தெரியும் வளைவில் உள்ள ஒரு வண்டியைச் செய்தி கடத்தச் சொல்லுங்கள். எந்த ஆண்டெனாவும் இதற்கு ஈடாகாது.

ஒரு பக்கத்திலிருந்து வருவது மட்டும் சன்னம்

ஆண்டெனா வண்டியின் மூலையில் இருந்தால், உலோகம் அதிகம் இருக்கும் எதிர்மூலைத் திசையில் காது நீளும். பின் இடது மூலையில் பொருத்தியது முன் வலது பக்கம் நன்றாகக் கேட்கும். கூரையின் நடுவே வைத்தால் நாலாபுறமும் சமம். கார் பார்க்கிங் உயரத்துக்காகக் கம்பியைச் சாய்த்துக் கட்டியிருந்தால் அவிழ்த்து நிமிர்த்துங்கள். எல்லோரும் செங்குத்தாக வைத்திருக்கும்போது உங்களுடையது படுத்திருந்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

பக்கத்து வண்டி பேசினால் மட்டும் குரல் உடைகிறது

புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குச் சேர்ந்து கிளம்பிய வண்டிகள் வரிசையில் ஊர்ந்து நிற்கும்போது இதைக் கேட்கலாம். சிக்னல் மிதமிஞ்சி வருவதால் ரேடியோ திணறுகிறது. ஆர்.எஃப். கெயினைக் குறையுங்கள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். மறந்துவிட்டு "ரேடியோ கேட்கலை" என்று வருகிறவர்கள் நிறைய.

புரியாத மொழியில் யார் யாரோ பேசுகிறார்கள்

கோளாறு இல்லை. மேல்வளி மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்பும் நாட்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருப்பவர்கள் பகலில் உள்ளே வந்துவிடுவார்கள். சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் இது அதிகம், 2024 அப்படிப்பட்ட உச்ச ஆண்டு. 27-இல் தொல்லை அதிகம், ஏனென்றால் உலகமே அங்கே பேசுகிறது. ஸ்குவெல்ச்சைக் கொஞ்சம் இறுக்குங்கள், அல்லது இருட்டும்வரை பொறுங்கள்.

இவ்வளவு பார்த்தும் கேட்கவில்லை

இப்போதுதான் ரேடியோவின் முறை. நண்பரின் ரேடியோவை உங்கள் கேபிளில் மாட்டுங்கள், உங்களுடையதை அவர் வண்டியில் மாட்டுங்கள். கோளாறு பெட்டியோடு போனால் ஆண்டெனா சிக்னலை முதலில் வாங்கும் முன்கட்டத்து டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். பக்கத்தில் மின்னல் விழுந்தாலோ, அதிக ஆற்றலுள்ள ஒரு ரேடியோ ஒட்டி நின்று பேசினாலோ இது நடக்கும். இடிமின்னல் மாலைகளில் வண்டியை வெட்டவெளியில் விடுவதென்றால் ஆண்டெனா பிளக்கைக் கழற்றி வையுங்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது "கேட்கலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பட்டை, ஆண்டெனாவைக் கழற்றினால் இரைச்சல் மாறியதா, இன்னொரு வண்டியில் என்ன ஆனது, பேசினால் மற்றவர்களுக்குக் கேட்கிறதா ஆகிய நாலையும் ஒரு தாளில் எழுதி ரேடியோவோடு கட்டிக் கொடுங்கள். அவருடைய நேரம் குறையும், கூலியும் குறையும்.